செவி சொன்ன தீர்ப்பு: மெட்டாலிக்காவும் அதன் ரசிகர்களும்

ஹெவி மெட்டல் ரசிகர்கள் ‘சத்தம் மிகுந்துவிட்டது’ என்று முறையிட்டார்கள் என்று சொன்னால் கேட்பவர்கள் நகைக்கக்கூடும். கடற்கரையில் குடியிருப்பவன் அலையோசை தாங்கவில்லை என்று ஊர்க்கூட்டத்தில் பிராது கொடுத்தது போலத்தான் அது தோன்றும். ஆயினும் 2008 செப்டம்பரில் அதுதான் நிகழ்ந்தது. அமெரிக்காவின் மெட்டாலிக்கா இசைக்குழு ‘டெத் மேக்னடிக்’ என்னும் இசைத்தொகுப்பை வெளியிட்ட சில நாட்களுக்குள், அதன் நீண்டகால ரசிகர்களே அதன் ஒலிப்பதிவைக் குறைகூறத் தொடங்கினர். பாடல்கள் பிடிக்கவில்லை என்று அவர்கள் சொல்லவில்லை. பாடல்கள் பிடித்திருந்தன, பிடித்திருந்தமையால்தான் வருத்தம். வாசித்ததைக் கேட்கவிடாமல் ஒலிப்பதிவே குறுக்கே நிற்கிறது என்பது அவர்கள் முறையீடு.

இதை நாம் இங்கு எடுத்துப் பேசுவதற்கு மெட்டல் இசைமீது கொண்ட ஆர்வம் மட்டும் காரணமன்று. ஒரு படைப்பைப் பற்றி அதன் ரசிகன் சொல்லும் கருத்துக்கு என்ன மதிப்பு உண்டு என்ற பழைய வினா இதற்குள் இருக்கிறது. இலக்கிய வாசகர்களாகிய நமக்கு அந்த வினா அந்நியமானதன்று. ‘இவர் முன்பு போல் எழுதுவதில்லை’ என்று நாம் எத்தனை எழுத்தாளர்களைப் பற்றிச் சொல்லியிருக்கிறோம்! அவற்றுள் எது நியாயமான விமர்சனம், எது வெறும் பழக்கத்தின் பிடிவாதம் என்று பிரித்தறிவது எளிதாயிருந்ததில்லை. மெட்டாலிக்காவின் வரலாறு இந்தப் பிரித்தறிதலுக்கு ஒரு நல்ல பாடம்.

*

மெட்டாலிக்கா 1981இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் தொடங்கப்பட்டது. டென்மார்க்கிலிருந்து வந்த லார்ஸ் உல்ரிச் என்ற இளைஞர் உள்ளூர்ப் பத்திரிகை ஒன்றில் கொடுத்த விளம்பரத்தின் வழியாக ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டுடன் சேர்ந்தார். அடுத்த ஆண்டு, 1982இல், அவர்கள் ‘நோ லைஃப் டில் லெதர்’ என்ற பெயரில் ஒரு மாதிரி ஒலிநாடாவைப் பதிவு செய்தனர். எந்த நிறுவனமும் அதை வெளியிடவில்லை. ரசிகர்கள்தாம் வெளியிட்டார்கள் என்று சொல்ல வேண்டும். ஒருவர் கேட்டு, பிரதி எடுத்து, அஞ்சலில் மற்றொருவருக்கு அனுப்பி, அவர் மேலும் சிலருக்கு எடுத்துக் கொடுத்து, அந்த நாடா ஊர்விட்டு ஊர் சென்றது. நியூ ஜெர்ஸியில் இசைத்தட்டுக் கடை வைத்திருந்த ஜான் ஜஸூலா அதைக் கேட்டுக் குழுவைக் கிழக்குக் கரைக்கு வரவழைத்தார். அவர் தொடங்கிய மெகாஃபோர்ஸ் நிறுவனத்தின் வாயிலாக 1983இல் முதல் தொகுப்பான ‘கில் எம் ஆல்’ வெளிவந்தது.

இந்தப் பிறப்புக் கதையை மறந்தால் பின்னால் நடந்தவை விளங்கா. மெட்டாலிக்காவின் ரசிகன் தன்னைக் கடையில் பொருள் வாங்கிப் போகும் நுகர்வோனாக எண்ணியதில்லை. பிரதி எடுத்துப் பரப்பியவன் அவன். தொட்டிலாட்டியவனுக்குப் பிள்ளையைக் கண்டிக்கும் உரிமையும் உண்டு என்ற எண்ணம் அன்றே அவனிடம் வேரூன்றிவிட்டது.

கண்டிப்பும் விரைவிலேயே தொடங்கியது. 1984இல் வந்த ‘ரைடு த லைட்னிங்’ தொகுப்பில் ‘ஃபேட் டு பிளாக்’ என்ற பாடல் மின்சாரம் ஏற்றாத கிதாரின் மெல்லிய மீட்டலுடன் தொடங்கியது. வேகத்துக்குப் பெயர்பெற்ற குழு மென்மையாக வாசித்தது சிலருக்குப் பொறுக்கவில்லை. விலைபோய்விட்டார்கள் என்றனர். இன்று அப்பாடல் குழுவின் சிறந்த பாடல்களுள் ஒன்றாக எண்ணப்படுகிறது. அன்று கோபித்தவர்களுள் பலரே பின்னர் அதைக் கண்ணீருடன் பாடியிருக்கக் கூடும்.

1986இல் ‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’ வந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 27 அன்று ஸ்வீடனில் குழுவின் பேருந்து கவிழ்ந்து, பேஸ் கிதார் வாசித்த கிளிஃப் பர்ட்டன் தமது 24ஆம் வயதில் உயிரிழந்தார். அவர் இடத்துக்கு ஜேசன் நியூஸ்டெட் வந்தார். 1988இல் வெளியான ‘...அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்’ தொகுப்பில் ரசிகர்கள் ஒரு விசித்திரத்தைக் கண்டனர். நியூஸ்டெட் வாசித்திருக்கிறார், அவருடைய பேஸ் கிதார் ஏறத்தாழக் கேட்கவேயில்லை. கலவையில் அதன் ஒலி அத்தனை தாழ்த்தப்பட்டிருந்தது. பல ஆண்டுகளுக்குப் பின்னர், கணினியும் இணையமும் கைக்கு வந்தபோது, ரசிகர்கள் தாங்களாகவே பேஸ் ஒலியை உயர்த்திய பிரதிகளை உருவாக்கித் தமக்குள் பகிர்ந்துகொண்டனர். 2018இல் அத்தொகுப்பு செப்பம் செய்யப்பட்டு மறுபதிப்பாக வந்தபோதும் குழுவினர் அக்கலவையை மாற்றவில்லை. அது அக்காலத்தின் ஆவணம், அவ்வாறே இருக்கட்டும் என்பது அவர்கள் நிலைப்பாடு.

அடுத்து வந்தது பெரும்பிளவு. 1991 ஆகஸ்டில், குழுவின் பெயரையே தலைப்பாகக் கொண்ட, ரசிகர்கள் ‘கறுப்புத் தொகுப்பு’ என்றழைக்கும் இசைத்தட்டு வெளியானது. தயாரிப்பாளர் பாப் ராக். முந்தைய தொகுப்பின் தலைப்புப் பாடல் ஒன்பதரை நிமிடத்துக்கும் மேல் நீண்டது. இப்போது பாடல்கள் சுருங்கின, வேகம் தணிந்தது, மெட்டு முன்னுக்கு வந்தது. அமெரிக்காவில் மட்டும் அது 1 கோடியே 60 லட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்றது. பழைய ரசிகர்கள் அதைத் துரோகமென்றனர். புதிய ரசிகர்கள் அதன் வழியாகத்தான் மெட்டல் இசைக்குள்ளேயே நுழைந்தனர். 1996இல் ‘லோட்’ வந்தபோது தலைமுடியைக் கத்தரித்துக்கொண்டு, கண்ணுக்கு மையும் தீட்டிக்கொண்டு எடுத்த புகைப்படங்கள் இசையைவிட அதிகம் விவாதிக்கப்பட்டன.

2000இல் உறவு முறிவின் விளிம்புக்கே சென்றது. வெளியிடப்படாத தமது பாடலொன்று நாப்ஸ்டர் வழியாகப் பரவியதைக் கண்ட குழு, அந்நிறுவனத்தின் மீது ஏப்ரலில் வழக்குத் தொடுத்தது. மே மாதம் லார்ஸ் உல்ரிச் 3,35,435 பயனர்களின் பெயர்ப் பட்டியலைப் பெட்டிகளில் கொண்டுபோய் ஒப்படைத்தார். படைப்பாளியின் உரிமை என்ற வகையில் அவர் வாதத்தில் நியாயம் இருந்தது. ஆனால் ஒலிநாடாவைப் பிரதி எடுத்துத் தம்மை வளர்த்தவர்களின் தம்பி தங்கையரைத்தான் அந்தப் பட்டியல் சுட்டியது என்பதை ரசிகர்கள் மறக்கவில்லை.

2001 தொடக்கத்தில் நியூஸ்டெட் விலகினார். ஹெட்ஃபீல்டு மதுப்பழக்கத்திலிருந்து மீளச் சிகிச்சைக்குச் சென்றார். குழு உடையும் தறுவாயில் பதிவான ‘செயின்ட் ஆங்கர்’ 2003 ஜூனில் வெளியானது. கிதார் தனிவாசிப்புகள் ஒன்றுகூட இல்லை. ஸ்னேர் டிரம்மின் அடியிலுள்ள கம்பிகளைத் தளர்த்தி வாசித்ததால், பறை ஒலிக்க வேண்டிய இடத்தில் தகரத்தைத் தட்டுவது போன்ற ஒலி எழுந்தது. பாப் ராக் இனித் தயாரிப்பாளராக வரக்கூடாது என்று சுமார் 1,500 ரசிகர்கள் ஒப்பமிட்ட விண்ணப்பமும் புறப்பட்டது.

*

இதுவரை சொன்னவற்றை நாம் இரண்டு கூறுகளாகப் பகுக்கலாம். ‘ஏன் மாறினீர்கள்?’ என்பது ஒருவகை முறையீடு. 1984, 1991, 1996 ஆகிய ஆண்டுகளின் கோபங்கள் இவ்வகையைச் சார்ந்தவை. ‘நீங்கள் வாசித்தது எங்களுக்குக் கேட்கவில்லை’ என்பது மற்றொரு வகை. 1988இன் பேஸ் கிதார் பற்றிய குறை இவ்வகையைச் சார்ந்தது. முதல்வகையில் ரசிகன் தன் விருப்பத்தைச் சொல்கிறான். இரண்டாம் வகையில் அவன் தன் செவி கண்ட உண்மையைச் சொல்கிறான். முதலாவதைக் காலம்தான் தீர்க்க வேண்டும்; பெரும்பாலும் அது ரசிகனுக்கு எதிராகவே தீர்த்திருக்கிறது. இரண்டாவதைச் சோதித்துப் பார்க்க முடியும். 2008இல் அந்தச் சோதனை நடந்தது.

‘டெத் மேக்னடிக்’ தொகுப்பைத் தயாரித்தவர் ரிக் ரூபின். ஸ்லேயர் குழுவின் ‘ரெயின் இன் பிளட்’ (1986), ஜானி கேஷின் முதுமைக்காலப் பதிவுகள் ஆகியவற்றுக்குப் பின்னால் இருந்தவர். ‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’ காலத்து மனநிலைக்குத் திரும்பிச் சென்று சிந்தியுங்கள் என்று அவர் குழுவினரைத் தூண்டினார். பேஸ் கிதாருக்கு ராபர்ட் ட்ருஹீயோ வந்திருந்தார். அவர் வாசித்து வெளிவந்த முதல் ஸ்டுடியோ தொகுப்பு இதுதான். 10 பாடல்கள், ஏறத்தாழ 75 நிமிடங்கள். நீண்ட பாடல்கள் மீண்டன. கர்க் ஹாமெட்டின் தனிவாசிப்புகளும் மீண்டன. செப்டம்பர் 12 அன்று வெளியாகி, அமெரிக்காவில் முதல் மூன்று நாட்களில் 4,90,000 பிரதிகள் விற்றன. பதினேழு ஆண்டுகளாகக் காத்திருந்தவர்களுக்குக் கேட்டது கிடைத்தது.

முதற்பாடல் இதயத்துடிப்பின் ஓசையுடன் மெல்லத் தொடங்குகிறது. பிறகு முழுக்குழுவும் இணைகிறது. இணையும் அந்த இடத்தில் இசை பெரிதாக வேண்டும். பெரிதாவதற்குப் பதிலாக அது நெரிசலாகிறது. டிரம்மின் ஒவ்வொரு அடியிலும் ஒரு கரகரப்பு. கிதாரும் குரலும் ஒரே தளத்தில் முட்டி மோதுகின்றன. ஒலிபெருக்கி பழுதாகிவிட்டதோ என்று ஐயுற்றவர்கள் உண்டு. ஒலிபெருக்கியில் பழுதில்லை. குறுந்தகட்டிலேயே அப்படித்தான் பதிவாகியிருந்தது.

இதன் காரணத்தைச் சற்று விளக்க வேண்டும். எண்மப் பதிவில் ஒலிக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அதற்குமேல் ஓர் இம்மியும் ஏற முடியாது. உச்சவரம்பு மாறாதபோது மொத்த ஒலியை உரக்கச் செய்ய வேண்டுமெனில், உயர்ந்த முகடுகளை அமுக்கித் தாழ்ந்த பகுதிகளை மேலே தூக்க வேண்டும். அளவோடு செய்தால் இது நல்ல உத்தியே. அளவு மீறினால் முகடுகள் வெட்டுண்டு தட்டையாகின்றன. வெட்டுண்ட இடம் இரைச்சலாகக் கேட்கிறது. மெல்லிய பகுதிக்கும் உரத்த பகுதிக்கும் இடையே இருக்க வேண்டிய தொலைவு சுருங்குகிறது. எல்லாச் சொற்களையும் கொட்டை எழுத்தில் அச்சிட்ட புத்தகத்தில் எந்தச் சொல்லுக்கும் அழுத்தம் இராதல்லவா, அதுபோலத்தான்.

இந்தப் போட்டிக்கு நீண்ட வரலாறு உண்டு. சற்றே உரக்க ஒலிக்கும் இசை முதற்கேள்வியில் மேலானதாகத் தோன்றும் என்பது மனிதச் செவியின் இயல்பு. ஒலியின் உரப்புக்கேற்பக் காது தாழ்ந்த சுரங்களையும் உயர்ந்த சுரங்களையும் வெவ்வேறாக உணர்வதை ஃபிளெட்சர், மன்சன் என்னும் இருவர் 1933லேயே ஆராய்ந்து காட்டினர். தட்டுப் பெட்டிகளின் காலத்திலேயே, பக்கத்துத் தட்டைவிடத் தம் தட்டு உரக்க ஒலிக்க வேண்டுமென்று நிறுவனங்கள் விரும்பின. ஆனால் பழைய இசைத்தட்டில் பள்ளம் மிகுந்தால் ஊசி துள்ளிவிடும்; அந்த இயற்பியலே ஒரு காவலாக நின்றது. 1982இல் குறுந்தகடு வந்தபின் அக்காவல் அகன்றது. 1994இல் வேவ்ஸ் நிறுவனத்தின் ‘எல் 1’ என்னும் எண்மக் கட்டுப்படுத்தி மென்பொருளாக வந்தபின், முகடுகளை அமுக்குவது எவர் கைக்கும் எளிதாயிற்று. ரூபின் தயாரித்த ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸ் குழுவின் ‘கலிஃபோர்னிகேஷன்’ (1999) தொகுப்பும் இதே குற்றச்சாட்டுக்கு ஆளாகியிருந்தது.

ரசிகர்களின் குறை வெறும் கூச்சலாகக் கரைந்து போயிருக்கக் கூடும். அவர்கள் கைக்கு ஒரு சான்று கிடைத்தது. ‘கிதார் ஹீரோ 3’ என்னும் கணினி விளையாட்டுக்காகவும் அதே பாடல்கள் அதே வேளையில் வெளியாயின. விளையாடுபவர் தவறினால் கிதார் ஒலி மட்டும் நின்றுபோக வேண்டும். ஆகவே ஒவ்வொரு கருவியின் பதிவும் தனித்தனியாகக் கொடுக்கப்பட்டிருந்தது. குறுந்தகட்டுக்கு நேர்ந்த இறுதி அமுக்கத்துக்கு அவை உட்படவில்லை. ரசிகர்கள் இரண்டையும் அருகருகே வைத்துக் கேட்டனர். கணினித் திரையில் இரண்டின் அலைவடிவங்களையும் வரைந்து பார்த்தனர். விளையாட்டுப் பிரதியில் மேடும் பள்ளமும் தெரிந்தன. குறுந்தகட்டுப் பிரதி செங்கல் அடுக்கிய சுவராக நின்றது. மாஸ்டரிங் பொறியாளர் இயன் ஷெப்பர்டு போன்ற துறை வல்லுநர்களும் அவ்வேறுபாட்டை எடுத்துக்காட்டினர்.

ஏடுகளை ஒப்பிட்டுப் பாடபேதம் காணும் பணியை அறிந்தவர்களுக்கு இச்செயல் புதிதாகத் தோன்றாது. ஒரே ஏடு கையில் இருக்கும்வரை பிழை கவிஞனுடையதா, எழுதியவனுடையதா என்று சொல்ல முடியாது. இரண்டாவது ஏடு கிடைக்கும்போதுதான் மூலம் எவ்வாறு இருந்திருக்கும் என்பது துலங்கத் தொடங்குகிறது. மாலை நேரப் பொழுதுபோக்கான ஒரு விளையாட்டு இங்கே இரண்டாவது ஏடாக அமைந்தது. அதை வைத்துப் பதிப்பாசிரியரின் பொறுமையுடன் உழைத்தவர்கள் நாம் முரட்டுத்தனமானவர்கள் என்று எளிதில் ஒதுக்கும் மெட்டல் ரசிகர்கள்.

அடுத்து நிகழ்ந்தது மேலும் வியப்பு. தொகுப்பை மாஸ்டரிங் செய்த டெட் ஜென்சன், ரசிகர் ஒருவரின் கடிதத்துக்கு மறுமொழியாக, கலவைகள் தம்மிடம் வந்து சேரும் முன்பே அமுக்கப்பட்டிருந்தன என்றும், இதில் தம் பெயர் இடம்பெறுவதில் தமக்குப் பெருமை இல்லை என்றும் பொருள்பட எழுதினார். அது பொதுவெளிக்கு வந்தது. கலவையை மீண்டும் செய்து வெளியிடுமாறு கோரிய விண்ணப்பத்தில் 10,000க்கும் மேற்பட்டோர் ஒப்பமிட்டனர். லார்ஸ் உல்ரிச் ஒலியில் குறையேதும் இல்லை என்றார். மிகப் பெரும்பான்மையோர் இந்த ஒலியை விரும்புகிறார்கள் என்றது குழுவின் நிர்வாகம்.

நிர்வாகத்தின் கூற்று பொய்யன்று. தொகுப்பு விற்றது, மேடைகள் நிறைந்தன. 2009 பிப்ரவரியில் ‘மை அபோகலிப்ஸ்’ பாடல் கிராமி விருது பெற்றது. ரூபினும் அவ்வாண்டின் தயாரிப்பாளருக்கான கிராமி பெற்றார். கரகரப்பே இவ்விசைக்கு வேகம் தருகிறது என்று மனமார விரும்பியவர்களும் இருந்தனர். அவர்கள் சுவையைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. ஆனால் முறையிட்டவர்கள் சொன்னது சுவையைப் பற்றியன்று. இந்த இடத்தில் அலை வெட்டுண்டிருக்கிறது, இது முன்பே முழுமையாக இருந்தது, இதோ அந்த முழுமை என்று காட்டினர். ஒன்று மெய்யா என்ற கேள்விக்குப் பத்துப் பேரின் மறுப்போ பத்து லட்சம் பேரின் ஒப்புதலோ விடையாகாது.

*

ரசிகர்கள் கோரியபடி அக்குறுந்தகடு திரும்பப் பெறப்படவில்லை. ஆயினும் அவர்கள் எழுப்பிய பேச்சு நிற்கவில்லை. ஒலிப்பதிவின் ஏற்ற இறக்கத்தைக் காக்க வேண்டும் என்பதை வலியுறுத்த 2010 முதல் ஒரு நாளையே இயன் ஷெப்பர்டு ஏற்படுத்தினார். அவ்விவாதங்களில் ‘டெத் மேக்னடிக்’ எடுத்துக்காட்டாக நிலைத்துவிட்டது. அதே 2010இல் ஐரோப்பிய ஒலிபரப்புச் சங்கம், நிகழ்ச்சிகளின் ஒலியளவை முகட்டைக் கொண்டன்றி, செவி உணரும் சராசரி உரப்பைக் கொண்டு அளக்கும் ‘ஆர் 128’ பரிந்துரையை வெளியிட்டது. பின்னர் ஸ்பாட்டிஃபை, யூடியூப் போன்ற தளங்களும் மிக உரத்த பாடலைத் தாமாகவே தாழ்த்தும் முறைக்கு வந்தன. அதன்பின் அமுக்கிப் பதிவதால் கிடைத்த ஆதாயம் பெரும்பாலும் மறைந்துவிட்டது. பக்கத்துப் பாடலைவிட உரக்க ஒலிக்க வேண்டுமென்று செய்த காரியம் பயனற்றதாயிற்று. வெட்டுண்ட முகடுகளோ வெட்டுண்டபடியே இருக்கின்றன. உரப்பைக் குறைக்கலாம், வெட்டிய முகட்டை மீண்டும் ஒட்ட வைக்க இயலாது.

இதில்தான் உண்மையான இழப்பு இருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. மேடையில் வாசித்தது காற்றோடு போகும். தலைமுறைகளுக்கு எஞ்சுவது பதிவு. ஐம்பது ஆண்டு கழித்து இக்குழுவைக் கேட்கப்போகும் ஒருவனுக்கு அந்நால்வரின் கைத்திறன் எட்டுவதற்கு வேறு வழியில்லை. அவன் சார்பில் 2008இல் வாதாடியவர்கள் ரசிகர்கள். தம்மைப் பட்டியலிட்டு ஒப்படைத்த குழுவின் மீதே அவர்கள் இத்தனை அக்கறை காட்டினர் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ரசிகன் எப்போதும் சரியானவன் என்று நாம் முடிக்கப்போவதில்லை. அவன் சொற்படி கேட்டிருந்தால் ‘ஃபேட் டு பிளாக்’ இல்லை. கறுப்புத் தொகுப்பும் இல்லை. எங்கே செல்வது என்பதைப் படைப்பாளியே தீர்மானிக்க வேண்டும். ஆனால் சென்ற இடத்திலிருந்து அவன் பேசுவது கேட்கிறதா இல்லையா என்பதைச் சொல்ல வேண்டியவன் எதிரே அமர்ந்திருப்பவன்தான். அந்த ஒன்றில் அவனைவிடத் தகுதியுள்ள சாட்சி வேறெவரும் இல்லை.